புழுவின் நஞ்சும் வேட்டைக்காரனின் அம்பும் - கலஹாரியிலிருந்து ஒரு வரலாறு

உணவில் டாக்ஸின், தண்ணீரில் டாக்ஸின், ஏன், ஆபீஸ் சூழ்நிலை கூட 'டாக்ஸிக்' என்று இன்று எல்லோரும் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய கிரேக்க மொழியில் 'டாக்சான்' என்றால் வில். 'டாக்சிகான்' என்றால் அம்பில் தடவுகிற மருந்து, அதாவது அம்பு நஞ்சு. அதிலிருந்து தான் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வந்தது. ஆக, உலகில் உள்ள எல்லா நஞ்சுக்கும் பொதுப்பெயராக இருக்கும் ஒரு சொல், ஒரு காலத்தில் வேட்டைக்காரனின் அம்பை மட்டும் குறித்த சொல்!

அப்படிப்பட்ட ஒரு அம்பு நஞ்சின் வரலாறு தான் இந்தக் கட்டுரை. இது பாம்பின் நஞ்சு அல்ல, செடியின் நஞ்சும் அல்ல. ஒரு சின்ன வண்டின் புழுவிலிருந்து வருவது. ஒட்டகச்சிவிங்கியையே சாய்த்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் அல்ல. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் வாழும் சான் மக்கள். இவர்களைத் தான் வெள்ளைக்காரர்கள் 'புஷ்மென்' (புதர் மனிதர்கள்) என்று அழைத்தார்கள்.

"வணிகவியல் படிப்பவனுக்கு புழுவைப் பற்றி என்ன?" என்று கேட்காதீர்கள். இந்தப் புழுவுக்குப் பின்னால் சொத்துரிமை இருக்கிறது, பங்கு பிரிக்கும் முறை இருக்கிறது, நிலத்துக்கான வழக்கு இருக்கிறது. கடைசி வரை படித்தால் தெரியும்.

புழு விலங்கைக் கொல்லுமா?

கம்பளிப்பூச்சி மேலே பட்டால் அரிக்கும், தடிக்கும். இது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு மாட்டையே கொல்லும் அளவுக்குப் புழுவில் நஞ்சு இருக்க முடியுமா? முடியும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் யூகலிப்டஸ் இலைகளைத் தின்னும் ஒரு வகைப் பூச்சி இருக்கிறது. ரம்பம் போன்ற உறுப்பு உள்ளதால் அதை 'ரம்ப ஈ' என்று சொல்லலாம் (உண்மையில் அது ஈ அல்ல, குளவிக்கு உறவு). இதன் புழுக்கள் மரத்தடியில் குவியல் குவியலாகச் சேரும். அந்தக் குவியலை மாடுகள் ஆசையாகத் தின்னும். தின்ற பிறகு கல்லீரல் கெட்டுச் செத்துப் போகும். இதற்குக் காரணமான நஞ்சின் பெயர் லோஃபிரோடோமின். வெறும் எட்டு அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு சங்கிலி. அதில் சில அமினோ அமிலங்கள் வழக்கமான வடிவத்துக்குத் தலைகீழான, கண்ணாடிப் பிம்பம் போன்ற வடிவத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட சங்கிலியை வயிற்றில் உள்ள நொதிகளால் எளிதில் வெட்ட முடியாது. அதனால் தின்றாலே ஆபத்து.

கலஹாரி வண்டுப் புழு இதற்கு நேர் எதிர். அதன் நஞ்சு மிகப் பெரிய புரத மூலக்கூறு. வாய் வழியாக வயிற்றுக்குப் போனால் சோறு, பருப்பு போல ஜீரணமாகிவிடும். இரத்தத்தில் கலந்தால் மட்டும் தான் சாவு. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சான் மக்களின் வேட்டை முழுவதும் இதன் மீது தான் நிற்கிறது. நஞ்சால் செத்த விலங்கின் இறைச்சியைச் சாப்பிட வேண்டுமே! தின்றால் கொல்லும் நஞ்சை அம்பில் தடவி என்ன பயன்?

வண்டும் மரமும்

அந்த வண்டின் பெயர் டயம்ஃபிடியா. இலை வண்டு குடும்பத்தைச் சேர்ந்தது. நமீபியா நாட்டின் வடகிழக்கில் வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் இனத்துக்கு டயம்ஃபிடியா நைக்ரோஆர்னேட்டா என்று பெயர்.

இது வாழ்வது கமிஃபோரா என்ற மரத்தில். பெயர் அந்நியமாக இருக்கிறதா? நம் கிராமங்களில் வேலிக்கு நடுகிற கிளுவை மரம் இருக்கிறதல்லவா, அதுவும் கமிஃபோரா பேரினம் தான். வெள்ளைப்போளம் கிடைக்கும் மரமும் இதே பேரினம். (நம்மூர் கிளுவையில் இந்த ஆப்பிரிக்க வண்டு கிடையாது, பயப்பட வேண்டாம்!)

வண்டு இலையில் முட்டையிடும். வெளிவரும் புழுக்கள் இலைகளைத் தின்று வளரும். தங்கள் கழிவையே முதுகில் பூசிக்கொண்டு திரியும். பறவை கொத்தாமல் இருக்க அது ஒரு கவசம். நன்றாக வளர்ந்ததும் மரத்திலிருந்து இறங்கி மண்ணுக்குள் போகும். அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் ஆழம் வரை கூடப் போகும். அங்கே மண்ணாலேயே ஒரு கூடு கட்டி, அதற்குள் சுருண்டு படுத்துவிடும். மழையும் இலையும் சரியாக அமையும் வரை, சில சமயம் ஆண்டுக்கணக்கில், அப்படியே தூங்கும். பிறகு தான் கூட்டுப்புழுவாகி வண்டாக வெளியே வரும்.

சான் வேட்டைக்காரர்கள் தேடிப் போவது மரத்தின் மேல் தெரியும் வண்டை அல்ல. மண்ணுக்குள் தூங்கும் இந்தப் புழுவை! வருடம் முழுவதும் கெடாமல் இருக்கும் சரக்கு அது. எங்கள் பாடத்தில் சொல்வது போலச் சொன்னால், மண் தான் அவர்களுடைய குடோன்.

இன்னொரு வேடிக்கை. இந்தப் புழுவின் மேல் ஒட்டிக்கொண்டு அதோடு மண்ணுக்குள் போய், அதையே தின்று வளரும் இன்னொரு வண்டும் உண்டு. லெபிஸ்டினா என்று பெயர். இந்த ஒட்டுண்ணியின் புழுவையும் சான் மக்கள் பிரித்துப் பார்க்கத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இது இன்னும் வீரியமானது என்பது அவர்கள் கணக்கு.

எவ்வளவு பழமை?

அம்பில் நஞ்சு தடவும் பழக்கம் தெற்கு ஆப்பிரிக்காவில் மிகப் பழமையானது. பார்டர் குகை என்ற இடத்தில் கிடைத்த, கீறல்கள் போட்ட ஒரு மரக்குச்சியில் ஆமணக்கிலிருந்து வரும் ரிசினோலியிக் அமிலத்தின் தடயம் இருப்பதாகவும், அது நஞ்சு பூசப் பயன்பட்ட குச்சியாக இருக்கலாம் என்றும் 2012-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதன் வயது சுமார் 24,000 ஆண்டுகள். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் குகையில், ஒரு விலங்கின் தொடை எலும்புக்குள் செருகி வைத்திருந்த எலும்பு அம்பு முனைகளோடு, இதயத்தைத் தாக்கும் செடி நஞ்சுகளின் கலவை கிடைத்தது. அதன் வயது சுமார் 7,000 ஆண்டுகள்.

இவை இரண்டும் செடி நஞ்சுகள். நம் புழு நஞ்சு எழுத்தில் பதிவாவது 19-ம் நூற்றாண்டில் தான்.

பயணிகள் எழுதியது

டேவிட் லிவிங்ஸ்டன் பெயரைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1849-ல் கலஹாரியைக் கடந்து ங்காமி ஏரியை அடைந்தவர். 1857-ல் வெளிவந்த தன் பயண நூலில் 'ங்குவா' என்ற புழுவைப் பற்றி எழுதுகிறார். புழுவின் உள்ளுறுப்பைப் பிதுக்கி அம்பில் தடவி வெயிலில் காய வைப்பார்கள் என்றும், வேலை முடிந்ததும் நகத்தை மிகக் கவனமாகச் சுத்தம் செய்வார்கள் என்றும், ஒரு சின்னக் கீறலில் பட்டால் கூட மனிதன் வலியில் சித்தம் கலங்கிப் போவான் என்றும் சொல்கிறார். இந்த அம்பு பட்ட சிங்கம் வேதனை தாங்காமல் மரத்தையும் தரையையும் கடிக்கும் என்றும் கேள்விப்பட்டு எழுதியிருக்கிறார்.

அடுத்து தாமஸ் பெய்ன்ஸ் என்ற ஓவியர். 1861-ல் வால்விஸ் விரிகுடாவிலிருந்து விக்டோரியா அருவி நோக்கிப் பயணம் போனவர். 1864-ல் வெளிவந்த தன் நூலில் அவரும் இந்த நஞ்சுப் புழுவைப் பற்றி எழுதுகிறார்.

பிறகு விஷயம் ஜெர்மனிக்குப் போனது. நமீபியா அப்போது ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா என்ற பெயரில் அவர்களுடைய காலனி. லைப்சிக் நகரில் ரூடால்ஃப் போஹ்ம் என்ற மருந்தியல் பேராசிரியர் இருந்தார். தென் அமெரிக்க அம்பு நஞ்சான குராரேயை ஆராய்ந்து புகழ் பெற்றவர். 1897-ல் டயம்ஃபிடியா புழுவின் நஞ்சு பற்றி அவர் கட்டுரை வெளியிட்டார். லூயிஸ் லெவின் என்ற நச்சியல் அறிஞர் 1923-ல் உலக அம்பு நஞ்சுகளைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் பதிவுகளில் புழுவின் பெயர் இருக்கிறது, வண்டின் பெயர் இருக்கிறது, பயணியின் பெயர் இருக்கிறது, பேராசிரியரின் பெயர் இருக்கிறது. எந்த மரத்தடியில், எவ்வளவு ஆழத்தில் தோண்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்த மனிதர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை.

அம்பு எப்படித் தயாராகிறது?

நமீபியாவின் நையே நையே பகுதியில் வாழும் சான் பிரிவினரின் பெயர் ஜூ-ஹோவான்சி. (அவர்கள் மொழியில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நடுவில் வரும். அதை நம் எழுத்தில் எழுத முடியாது.) அவர்கள் செய்யும் முறை ஏறக்குறைய இது தான்:

1. கமிஃபோரா மரத்தடியில் தோண்டி மண்கூடுகளை எடுப்பார்கள்.
2. கூட்டை உடைத்துப் புழுவை வெளியே எடுப்பார்கள். கையில் வெட்டுக்காயம், கீறல் இருக்கக் கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் விடமாட்டார்கள்.
3. புழுவின் தோல் கிழியாமல் விரல்களுக்கு இடையில் மெல்ல உருட்டி உள்ளிருப்பதைக் கூழாக்குவார்கள்.
4. பிறகு ஒரு முனையைக் கிள்ளி, வெளிவரும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அம்பில் வைப்பார்கள். இது புழுவின் இரத்தம் என்றே சொல்லலாம். ஒட்டுவதற்காக எச்சிலோடு கலப்பதும் உண்டு. ஒரு அம்புக்குச் சுமார் பத்துப் புழுக்கள் தேவைப்படும்.
5. நெருப்புக்குப் பக்கத்தில் காட்டி மெதுவாக உலர்த்துவார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்ன தெரியுமா? நஞ்சை அம்பின் கூர்முனையில் தடவவே மாட்டார்கள்! முனைக்குப் பின்னால் உள்ள தண்டில் தான் தடவுவார்கள். முனை தவறிக் கையில் குத்தினாலும் உடனே நஞ்சு ஏறாது. விலங்கின் உடம்பில் ஆழமாக இறங்கினால் மட்டுமே தண்டில் உள்ள நஞ்சு இரத்தத்தில் கரையும்.

அம்பும் ஒரே துண்டு அல்ல. முனை, அதன் பின்னால் ஒரு சிறு இணைப்புத் துண்டு, பிறகு நீண்ட நாணல் தண்டு. விலங்கின் மேல் பட்டதும் நாணல் கழன்று கீழே விழுந்துவிடும், நஞ்சு பூசிய பகுதி உள்ளேயே தங்கிவிடும். விலங்கு புதரில் உரசினாலும் அம்பைப் பிடுங்க முடியாது. கீழே கிடக்கும் நாணலைப் பார்த்து, அம்பு சரியாக இறங்கியதா என்று வேட்டைக்காரன் தெரிந்துகொள்வான். முனைக்கு முன்பு எலும்பு. பிற்காலத்தில் பண்ணை வேலிக் கம்பியைத் தட்டித் தட்டிச் செய்தார்கள். தங்கள் நிலத்தை வளைத்துப் போட வந்த வேலியையே அம்பாக்கிவிட்டார்கள் பாருங்கள்!

இரத்தத்தில் நடப்பது என்ன?

1983-ல் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்துத் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அதற்கு டயம்ஃபோடாக்ஸின் என்று பெயர். சுமார் 60,000 மூலக்கூறு எடை உள்ள ஒற்றைச் சங்கிலிப் புரதம். லோஃபிரோடோமினில் எட்டே அமினோ அமிலங்கள் என்று பார்த்தோம். இதிலோ நூற்றுக்கணக்கில்.

நம் இரத்தத்தில் உள்ள ஒவ்வொரு சிவப்பணுவுக்கும் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும், எவ்வளவு வெளியே இருக்க வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. டயம்ஃபோடாக்ஸின் அந்தச் சவ்வை ஓட்டையாக்கி விடுகிறது. காவலாளி இல்லாத கேட் மாதிரி, சிறிய அயனிகள் இஷ்டத்துக்கு உள்ளே வெளியே போய் வரும். அதனோடு தண்ணீரும் உள்ளே புகும். சிவப்பணு வீங்கி வெடிக்கும். இப்படியே போய் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் நான்கில் மூன்று பங்கு வரை குறைந்துவிடலாம். மூச்சு விட்டாலும் பிராணவாயுவைச் சுமந்து செல்ல ஆள் இல்லை. விலங்கு தளர்ந்து, தளர்ந்து, விழும்.

நரம்பை உடனே முடக்கும் நஞ்சு அல்ல இது. அதனால் நேரம் ஆகும். சிறிய மான் என்றால் சில மணி நேரம் முதல் ஒரு நாள். பெரிய விலங்கு என்றால் பல நாட்கள். நம்பகமான மாற்று மருந்து கிடையாது.

லிவிங்ஸ்டன் எழுதியது 1857. இந்த விளக்கம் வந்தது 1983. நடுவில் 126 ஆண்டுகள்! ஆனால் வேட்டைக்குத் தேவையான எல்லாமே வேட்டைக்காரர்களுக்கு முன்பே தெரியும். எந்தப் பருவத்துப் புழு, எத்தனை புழு, எப்படி உலர்த்துவது, எங்கே தடவுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, காயத்தைச் சுற்றியுள்ள சதையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை வேக வைத்துச் சாப்பிடலாம் என்பது... இதில் ஒன்றைக் கூட ஆய்வுக்கூடம் தவறு என்று சொல்லவில்லை. ஏன் என்பதை மட்டும் தான் சேர்த்துச் சொன்னது.

அம்பு விட்ட பிறகு தான் வேட்டை

நஞ்சு மெதுவாக வேலை செய்வதால், அம்பு விடுவது வேட்டையின் முடிவு அல்ல, ஆரம்பம். அடிபட்ட விலங்கின் குளம்புத் தடத்தை மறுபடி கண்டுபிடித்து, மந்தையில் உள்ள மற்ற தடங்களிலிருந்து அதைப் பிரித்து, எவ்வளவு நேரத்துக்கு முன் போனது, எந்தக் காலை இழுக்கிறது என்று மணலைப் படித்துக்கொண்டே போக வேண்டும். சிங்கமோ கழுதைப்புலியோ முந்திக்கொள்வதற்குள் போய்ச் சேரவும் வேண்டும்.

இதை உலகத்துக்குக் காட்டியது 1957-ல் வெளிவந்த 'தி ஹன்டர்ஸ்' என்ற ஆவணப்படம். எடுத்தவர் ஜான் மார்ஷல். நான்கு ஜூ-ஹோவான்சி ஆண்கள் ஒரு ஒட்டகச்சிவிங்கியை நஞ்சம்பால் அடித்து நாட்கணக்கில் பின்தொடர்வது தான் கதை. (பல வேட்டைகளில் எடுத்த காட்சிகளைச் சேர்த்து ஒரே வேட்டை போல அமைத்த படம் இது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இந்த மார்ஷல் குடும்பத்தின் கதையும் சுவாரசியமானது. தந்தை லாரன்ஸ் மார்ஷல், அமெரிக்காவின் ரேதியான் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகளுக்கான பாகங்களைத் தயாரித்துப் பெரிதாக வளர்ந்த கம்பெனி அது. ஓய்வு பெற்ற பிறகு, 1950-களின் தொடக்கத்தில் மனைவி, மகள், மகனோடு கலஹாரிக்குப் போனார். மனைவி லோர்னா மானிடவியல் நூல்கள் எழுதினார். மகள் எலிசபெத் 1959-ல் எழுதிய நூலும் புகழ் பெற்றது. ராடார் செய்த குடும்பம், புழு தோண்டும் மக்களிடம் பாடம் கேட்கப் போயிருக்கிறது!

இறைச்சி யாருக்குச் சொந்தம்?

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். ஒட்டகச்சிவிங்கி விழுந்துவிட்டது. நூற்றுக்கணக்கான கிலோ இறைச்சி. யாருடையது? தடம் பார்த்தவனுடையதா? அம்பு விட்டவனுடையதா?

ஜூ-ஹோவான்சி வழக்கப்படி, விலங்கின் உடம்பில் முதலில் சரியாக இறங்கிய அம்பு யாருக்குச் சொந்தமோ அவருக்குத் தான் இறைச்சியைப் பங்கிடும் பொறுப்பு. அம்பு விட்டவரும் அம்பின் சொந்தக்காரரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை! அவர்கள் அம்புகளைப் பரிமாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவருடைய அம்பறாத்தூணியில் நான்கைந்து பேருடைய அம்புகள் இருக்கும். வேட்டைக்குப் போகாத முதியவருக்கும் அம்பு சொந்தமாக இருக்கலாம், பெண்ணுக்கும் இருக்கலாம்.

விளைவு என்ன? நன்றாகக் குறி பார்க்கத் தெரிந்தவன் மட்டும் பெரிய ஆளாகிவிட முடியாது. ஒருவன் உழைப்பைப் போடுகிறான், இன்னொருவர் அம்பு என்ற மூலதனத்தைப் போடுகிறார், பங்கு எல்லோருக்கும் போகிறது. 1963 முதல் போட்ஸ்வானாவின் டோபே பகுதியில் ஆய்வு செய்த ரிச்சர்ட் லீ என்ற மானிடவியலாளர் இன்னொரு வழக்கத்தையும் எழுதியிருக்கிறார். எவ்வளவு பெரிய விலங்கைக் கொண்டு வந்தாலும், "என்ன இது, வெறும் எலும்பும் தோலுமாக இருக்கிறது" என்று எல்லோரும் மட்டம் தட்டுவார்களாம். வேட்டைக்காரனுக்குத் தலைக்கனம் ஏறாமல் இருக்க!

எல்லாமே இனிமை என்று நினைத்துவிட வேண்டாம். அதே நஞ்சம்பு மனிதர்களையும் கொன்றிருக்கிறது. 1920 முதல் 1955 வரை அந்தப் பகுதியில் நடந்த 22 கொலைகளை லீ பதிவு செய்திருக்கிறார். சண்டை முற்றினால் ஒவ்வொரு ஆணின் கையிலும் மாற்று மருந்து இல்லாத ஆயுதம் இருக்கிறது. அந்தப் பயமும் அவர்களைப் பேசித் தீர்க்க வைத்த காரணங்களில் ஒன்று.

நிலம் போனால் நஞ்சும் போகும்

2016-ல் ஆய்வாளர்கள் நமீபியாவில் இரண்டு சான் பிரிவினரை நேரில் சந்தித்து, பழைய நூல்களையும் தொகுத்து ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். குறைந்தது எட்டு சான் பிரிவினர் வண்டு நஞ்சைப் பயன்படுத்தியதாக அதில் சொல்கிறார்கள். ஜூ-ஹோவான்சி புழுவைப் பயன்படுத்துகிறார்கள். ஹாய்-ஓம் என்ற பிரிவினரோ அடீனியம் செடியின் பாலைக் காய்ச்சிக் குழம்பாக்கிப் பூசுகிறார்கள். (நம் மொட்டை மாடித் தொட்டிகளில் ரோஜா நிறப் பூவோடு நிற்கும் அடீனியத்தின் நெருங்கிய உறவு!)

இந்த ஹாய்-ஓம் மக்களை 1954-ல் எடோஷா வனவிலங்குக் காப்பகத்திலிருந்து வெளியேற்றினார்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய இடம் சுற்றுலாப் பயணிகளுக்கான இடமாக மாறியது. பலர் வெள்ளையர் பண்ணைகளில் கூலிகளானார்கள்.

போட்ஸ்வானாவில் மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகம் 1961-ல் அமைந்தது. அங்கே வாழ்ந்த சான் மக்களை 1997-லும் 2002-லும் அரசு வெளியேற்றி மறுகுடியேற்ற முகாம்களில் வைத்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வெளியேற்றியது மட்டுமல்ல, வேட்டை உரிமம் தர மறுத்ததும் சட்ட விரோதம் என்றது. ஆனால் 2014-ல் நாடு முழுவதும் வேட்டைக்குத் தடை வந்தது. 2019-ல் அந்தத் தடை நீங்கியது.

நமீபியாவில் கொஞ்சம் நல்ல செய்தி உண்டு. 1990-ல் நாடு விடுதலை அடைந்தது. 1998-ல் நையே நையே பகுதியை ஜூ-ஹோவான்சி மக்களே நிர்வகிக்கும் சமூகக் காப்பகமாக அறிவித்தார்கள். நாட்டின் முதல் சமூகக் காப்பகம் அது. பரப்பு சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். அங்கே வில் அம்பு கொண்டு வேட்டையாட அவர்களுக்கு உரிமை உண்டு. 2016 கட்டுரைக்காக ஆய்வாளர்கள் புழு தோண்டுவதை நேரில் பார்க்க முடிந்தது இந்தப் பகுதியில் தான். அது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

சான் மக்களின் இன்னொரு அறிவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நீண்ட வேட்டைப் பயணத்தில் பசி தெரியாமல் இருக்க அவர்கள் ஹூடியா என்ற சதைப்பற்றுச் செடியை மெல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் அரசு ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் அதன் சாறுக்குக் காப்புரிமை எடுத்தது. உடல் எடையைக் குறைக்கும் மருந்தாக விற்கலாம் என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன. சான் மக்களைக் கேட்கவே இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு 2003-ல் தான் லாபத்தில் பங்கு தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சந்தை மதிப்பு தெரிந்த பிறகு தான் அந்த அறிவுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பதே மற்றவர்கள் நினைவுக்கு வந்தது.

புழு நஞ்சுக்கு அப்படிச் சந்தை மதிப்பு எதுவும் வரவில்லை. அதைக் காப்பாற்ற காப்புரிமையும் உதவாது, அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியும் உதவாது. டயம்ஃபோடாக்ஸினின் மூலக்கூறு எடை நூலகத்தில் பத்திரமாக இருக்கும். ஆனால் எந்த மரத்தடியில் தோண்டுவது, விரலில் எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் தோல் கிழியாது, மணலில் உள்ள எந்தத் தடம் தளர்ந்த விலங்கின் தடம் என்பதெல்லாம் அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனால் தான் கை மாறும். காட்டுக்குள் போவதே குற்றம் என்றால் ஒரே தலைமுறையில் அது நின்றுவிடும்.

'ஆதிவாசிகளின் விஷ அம்பு' என்று காமிக்ஸிலும் சினிமாவிலும் வேடிக்கையாகப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அடுத்த முறை பார்க்கும்போது அந்த அம்புக்குப் பின்னால் இருக்கும் பூச்சியியல், மருந்தியல், பங்கு பிரிக்கும் சட்டம் எல்லாம் நினைவுக்கு வந்தால் மகிழ்ச்சி. சான் மக்கள் கேட்பது பாராட்டு அல்ல. தங்கள் மண்ணில் தோண்ட உரிமை.